எத்தனை வாட்ஸ் என்று மட்டும் கேட்காதீர்கள்: பேஸ் காம்போ ஆம்ப், ஆரம்பத்திலிருந்து

பேஸ் கிட்டாருக்கென்று நான் வாங்கிய முதல் காம்போ, அதாவது ஆம்பும் ஸ்பீக்கரும் ஒன்றாக இருக்கிற பெட்டி, ஒரு கிறிஸ்துமஸ் ஆராதனையில் கிழிந்தது. கிழிந்தது என்றால் நிஜமாகவே, ஸ்பீக்கரின் காகிதம். 30 வாட்ஸ், 8 இன்ச். வீட்டில் வாசித்தால் கீழ்வீட்டு மாமி மேலே ஏறிவந்து என்ன சத்தம் என்று கேட்பார், அந்தத் தைரியத்தில்தான் சர்ச்சுக்குத் தூக்கிக்கொண்டு போனேன். டிரம்ஸ் ஆரம்பித்த நிமிடமே நான் வாசிப்பது எனக்குக் கேட்கவில்லை. வால்யூமை ஏற்றினேன், போதவில்லை, 'பேஸ்' என்று எழுதியிருந்த நாபைக் கடைசிவரை திருப்பினேன், மூன்றாவது பாட்டில் 'பர்ர்ர்' என்று பட்டம் கிழிகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. அப்புறம் ஆராதனை முடியும்வரை வாசிப்பதுபோல் நடித்துக்கொண்டு நின்றேன்.

"வாட்ஸ் பத்தல தம்பி, நூறு வாங்கியிருக்கணும்" என்றார்கள் எல்லோரும். நானும் பல வருடம் அதைத்தான் நம்பினேன். அது பாதி உண்மை, மீதிப் பாதியைப் புரிந்துகொள்ளாமல் நூறு வாங்கினாலும் இருநூறு வாங்கினாலும் இதே கதைதான் பெரிய பெட்டியில் நடக்கும். இப்போது யாராவது "அண்ணே, எத்தனை வாட்ஸ் வாங்கலாம்?" என்று கேட்டால், "ஸ்பீக்கர் எத்தனை இன்ச்? எங்கே வாசிக்கப்போறே?" என்று திருப்பிக் கேட்கிறேன். ஏன் அப்படிக் கேட்கிறேன் என்பதுதான் இந்தக் கட்டுரை.

பெட்டிக்குள் என்ன இருக்கிறது

காம்போ என்பது மூன்று சாமான்களை ஒரே பெட்டியில் அடைத்தது. முதலாவது பிரீஆம்ப்: கிட்டாரிலிருந்து வருகிற மெலிந்த சிக்னலை வாங்கி, அதற்கு ஒரு குணம் கொடுக்கிற இடம், முன்னால் தெரிகிற நாப்கள் பெரும்பாலும் இதற்குத்தான். இரண்டாவது பவர் ஆம்ப், அந்தச் சிக்னலுக்குப் பலம் கொடுப்பது. வாட்ஸ் என்று பெட்டியில் எழுதியிருப்பது இதனுடைய பலம். மூன்றாவது ஸ்பீக்கர்.

தோட்டத்துக் கிணற்றில் பம்ப்செட் போட்டதைப் பார்த்திருப்பீர்கள். மோட்டார் எத்தனை ஹெச்.பி. என்று மட்டும் விசாரித்து வாங்கிவிட்டு, அதில் விரல் தடிமனுக்கு ஒரு குழாயை மாட்டினால் வாய்க்காலுக்கு எவ்வளவு தண்ணீர் வரும்? வாட்ஸ் என்பது ஹெச்.பி. மாதிரி. ஸ்பீக்கரும் அது உட்கார்ந்திருக்கிற பெட்டியும்தான் குழாய். நம் ஆட்கள் ஹெச்.பி.யை மட்டும் கேட்கிறார்கள்.

பேஸுக்கு ஏன் இவ்வளவு பாடு

கோடையில் மின்சாரம் போனால் கையில் கிடைத்ததை எடுத்து விசிறிக்கொள்வோம். பனையோலை விசிறி கிடைத்தால் மெதுவாக ஆட்டினாலே போதும். கல்யாணப் பத்திரிகை கிடைத்தால் வேகமாக ஆட்ட வேண்டும். பஸ் டிக்கெட்டை வைத்து விசிறினால் கை வலிக்குமே தவிர காற்று வராது. ஸ்பீக்கரும் ஒரு விசிறிதான். அதன் நடுவில் இருக்கிற காகிதக் கூம்பு, கோன் என்பார்கள், முன்னும் பின்னும் ஆடிக் காற்றைத் தள்ளுகிறது. அந்தத் தள்ளல்தான் சத்தம்.

ஒரு நொடிக்கு எத்தனை முறை ஆடுகிறது என்பதை ஹெர்ட்ஸ் என்று அளக்கிறார்கள். சாதாரண கிட்டாரின் தடித்த 'ஈ' ஸ்ட்ரிங் 82 ஹெர்ட்ஸ். பேஸ் கிட்டாரின் 'ஈ' அதில் பாதி, 41 ஹெர்ட்ஸ். ஐந்து ஸ்ட்ரிங் பேஸில் இருக்கும் 'பி' இன்னும் கீழே, 31-க்குப் பக்கத்தில். விஷயம் என்னவென்றால், அதே அளவு சத்தம் வேண்டும் ஆனால் ஹெர்ட்ஸ் பாதியாக வேண்டும் என்றால் கோன் இரண்டு மடங்கு அல்ல, நான்கு மடங்கு தூரம் போய்வர வேண்டும். கிட்டாருக்கு ஒரு மில்லிமீட்டர் ஆடினால் போதும் என்றிருந்த கோன், பேஸின் அடி ஸ்ட்ரிங்குக்கு நான்கு மில்லிமீட்டர் ஆட வேண்டும். அவ்வளவு தூரம் போக அதற்கு இடம் இல்லாவிட்டால் ஓரத்தில் கிழியும், அல்லது பின்னால் இருக்கிற 'காயில்' என்ற கம்பிச்சுருள் எங்காவது இடித்துக்கொள்ளும். என் 8 இன்ச்சுக்கு நடந்தது இதுதான்.

இதற்கு வழி விசிறியைப் பெரிதாக்குவது. 8 இன்ச் ஸ்பீக்கரின் காற்றைத் தள்ளும் பரப்பு சுமார் 210 சதுர சென்டிமீட்டர். 10 இன்ச்சுக்கு 340 வரும், 12 இன்ச்சுக்கு 520-க்கு மேல், 15 இன்ச்சுக்கு 850 அளவில். இன்ச்சில் பார்த்தால் எட்டுக்கும் பன்னிரண்டுக்கும் ஏதோ கொஞ்சம் வித்தியாசம் போலத் தெரிகிறது, பரப்பில் பார்த்தால் இரண்டரை மடங்கு. இரண்டு 10 இன்ச் சேர்ந்தால் ஒரு 12-ஐவிட அதிகம் என்பதையும் கவனியுங்கள், அதனால்தான் பேஸ் பெட்டிகளில் சின்ன ஸ்பீக்கர்களை இரண்டு, நான்கு என்று அடுக்குகிறார்கள்.

பேஸை சாதாரண கிட்டார் ஆம்பில் மாட்டலாமா என்ற கேள்விக்கும் இங்கேயே பதில் இருக்கிறது. வீட்டில் மெதுவாக வாசிக்க மாட்டலாம், சத்தம் ஏற்றினால் கிட்டார் ஸ்பீக்கர் அந்த ஆட்டத்தைத் தாங்காது. தலைகீழாகச் செய்தால், அதாவது கிட்டாரை பேஸ் ஆம்பில் மாட்டினால், ஒன்றும் ஆகாது. சொல்லப்போனால் ராக் கிட்டார் சத்தமே அப்படித்தான் பிறந்தது: ஃபெண்டர் கம்பெனி 1952-ல் பேஸ்மேன் என்ற பெயரில் 15 இன்ச் ஸ்பீக்கர் போட்டு ஒரு காம்போவை பேஸுக்கென்றே கொண்டுவந்தது, பின்னால் அதில் நான்கு 10 இன்ச் போட்டார்கள், கிட்டார்காரர்கள் அதைப் பிடுங்கிக்கொண்டார்கள். லண்டனில் ஜிம் மார்ஷல் தன் முதல் ஆம்பைச் செய்தபோது அந்தப் பேஸ்மேனின் சர்க்யூட்டைத்தான் அடிப்படையாக வைத்துக்கொண்டார்.

இதுவரை சொன்னது: பேஸ் என்றால் காற்றைத் தள்ளுவது. சின்ன ஸ்பீக்கர் அதே வேலைக்கு அதிகம் ஆட வேண்டும், ஓர் எல்லைக்கு மேல் அதனால் முடியாது.

வாட்ஸ் ஏமாற்றுகிற விதம்

நம் காது சத்தத்தைக் கூட்டல் கணக்கில் கேட்பதில்லை. 50 வாட்ஸை 100 ஆக்கினால் சத்தம் இரண்டு மடங்காகும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். சத்தத்தை அளக்கும் அலகு டெசிபல். வாட்ஸை இரட்டிப்பாக்கினால் 3 டெசிபல் கூடும், அவ்வளவுதான், "ஏத்தினியா?" என்று பக்கத்தில் நிற்பவர் சந்தேகத்தோடு கேட்கிற அளவு. இரண்டு மடங்கு சத்தம் என்று காதுக்குத் தோன்ற 10 டெசிபல் வேண்டும், அதற்குப் பத்து மடங்கு வாட்ஸ் வேண்டும். ஆக 30 வாட்ஸ் காம்போவைவிட இரண்டு மடங்கு சத்தம் கேட்க வேண்டும் என்றால், அதே ஸ்பீக்கரை வைத்துக்கொண்டு 300 வாட்ஸ் கொடுக்க வேண்டும். அந்த ஸ்பீக்கர் அதற்குள் புகைந்திருக்கும்.

ஆனால் ஸ்பீக்கரை மாற்றினால் கணக்கு மாறுகிறது. ஒரு வாட் கொடுத்து ஒரு மீட்டர் தள்ளி நின்று அளந்தால் எத்தனை டெசிபல் வருகிறது என்பதை ஸ்பீக்கரின் சென்சிடிவிட்டி என்பார்கள். 93 டெசிபல் தருகிற ஸ்பீக்கருக்கு 200 வாட்ஸ் கொடுத்தால் வருகிற சத்தத்தை, 99 டெசிபல் தருகிற ஸ்பீக்கர் 50 வாட்ஸில் தந்துவிடும். ஆறு டெசிபல்தான் வித்தியாசம், ஆனால் வாட்ஸில் நான்கு மடங்கு. விளம்பரத்தில் 200 என்று பெரிதாக இருக்கும், 99 என்பது கண்ணிலேயே படாது.

இன்னொரு ஏமாற்று நமக்கு நன்றாகப் பழகியது. 90-களில் டேப்ரெக்கார்டர் மேல் 'பி.எம்.பி.ஓ. 1000 வாட்ஸ்' என்று தங்க நிறத்தில் ஸ்டிக்கர் ஒட்டியிருப்பார்கள், நினைவிருக்கிறதா? ஒரு கணம், கண் சிமிட்டும் நேரத்துக்குள், எப்படியோ எட்டிப்பிடிக்கக்கூடிய உச்சத்தை அளந்ததாகச் சொல்லி எழுதிய எண் அது. தொடர்ந்து தரக்கூடிய பலத்தை ஆர்.எம்.எஸ். என்று குறிப்பிடுவார்கள், நீங்கள் பார்க்க வேண்டியது அதை மட்டும்தான். 'பீக்' என்று எழுதியிருந்தால் ஆர்.எம்.எஸ். எவ்வளவு என்று கேளுங்கள், கடைக்காரர் முழித்தால் வேறு பெட்டியைப் பாருங்கள்.

வாட்ஸ் குறைவாக இருந்தும் பேர் வாங்கிய பெட்டி ஒன்று உண்டு. 1960-ல் ஆம்பெக் கம்பெனி கொண்டுவந்த பி-15. 25 வாட்ஸ், ஒரே ஒரு 15 இன்ச் ஸ்பீக்கர். அந்தக் காலத்து அமெரிக்க ஸ்டுடியோக்களில் பேஸ் என்றால் இதுதான் என்று ஆகிப்போனது, இன்றைக்கும் அதன் குரலை நகலெடுத்துப் புதுப் பெட்டிகள் செய்கிறார்கள். அதே கம்பெனி 1969-ல் 300 வாட்ஸில் எஸ்.வி.டி. செய்ததும் உண்மை, ஆனால் அது மைதானம் நிறைய ஆள் கூடுகிற ராக் கச்சேரிகளுக்கு. ஸ்டுடியோவுக்கு 25 போதுமாக இருந்தது.

டீக்கடை ரேடியோவின் ரகசியம்

இப்போது கொஞ்சம் விசித்திரமான விஷயத்துக்கு வருகிறேன், எனக்கு இதுதான் மொத்தக் கதையிலும் பிடித்த இடம்.

இளையராஜா பாட்டின் பேஸ் வரிகளை வாயாலேயே பாடிக்காட்டுகிறவர்கள் நம் ஊரில் ஏராளம். அவர்களில் முக்கால்வாசிப் பேர் அதை முதலில் கேட்டது எதில்? டீக்கடை டிரான்சிஸ்டரில், டவுன் பஸ்ஸில், உள்ளங்கை அகல ஸ்பீக்கரில். அந்த ஸ்பீக்கரால் 41 ஹெர்ட்ஸ் எழுப்ப முடியாது, 80 கூட ஒழுங்காக வராது. அப்படியென்றால் வராத சத்தத்தை அவர்கள் எப்படிக் கேட்டார்கள்?

ஒரு ஸ்ட்ரிங்கைத் தட்டினால் ஒரே சுரம் மட்டும் வருவதில்லை. அடிச்சுரம் 41 ஹெர்ட்ஸ் என்றால், அதோடு சேர்ந்து 82, 123, 164 என்று மடங்கு மடங்காக மெலிந்த சத்தங்களும் வரும். இவற்றுக்கு ஹார்மானிக்ஸ் என்று பெயர். தம்பூரா மீட்டிக்கொண்டே காதைத் தீட்டிக் கேட்டால் மீட்டாத சுரங்களும் உள்ளே ஒலிக்கும், அது இதுவேதான். அடிச்சுரம் சுத்தமாக இல்லாமல் மேலே இருக்கிற மடங்குகள் மட்டும் காதுக்கு வந்தாலும், அவற்றுக்கு இடையே இருக்கிற 41-41 இடைவெளியை வைத்து மூளை "இது அந்த ஈ-தான்" என்று முடிவுகட்டிவிடுகிறது. ரேடியோ கொடுக்காததை மூளை போட்டுக்கொள்கிறது.

காம்போவுக்கு இதில் என்ன? எல்லாம் இதில்தான். கூட்டத்துக்கு நடுவில் உங்கள் பேஸ் 'என்ன சுரம், எப்போது விழுந்தது' என்று தெரிவது அடியில் இருக்கிற 41-ஆல் அல்ல, 200-லிருந்து 1000 ஹெர்ட்ஸ்வரை இருக்கிற நடுப்பகுதியால். இதை மிட் என்கிறோம். சின்ன ஸ்பீக்கரால் அடியைக் கொடுக்க முடியாமல் போகலாம், மிட்டைத் தாராளமாகக் கொடுக்க முடியும். என்னைப்போல பேஸ் நாபைத் திருகுகிறவர்கள் பெட்டியால் முடியாத வேலையை அதன் தலையில் ஏற்றிவிட்டு, முடிகிற வேலையைச் சும்மா விடுகிறார்கள்.

கடையில் தனியாக வாசித்துப் பார்க்கும்போது இது நேர்மாறாகத் தோன்றும் என்பதுதான் வம்பு. பேஸையும், டிரெபிள் என்கிற கூர்மையான மேல்பகுதியையும் ஏற்றி மிட்டைக் குறைத்தால் தனியாகக் கேட்க அத்தனை அழகாக, வழவழவென்று இருக்கும். அதே செட்டிங்கோடு டிரம்ஸ், கீபோர்டு, கிட்டாரோடு சேர்ந்தால் ஆளையே காணோம். அடியில் காலால் அடிக்கிற கிக் டிரம் உட்கார்ந்திருக்கிறது, மேலே சிம்பல் உட்கார்ந்திருக்கிறது, உங்களுக்கென்று காலியாக இருந்த நடு இடத்தை நீங்களே காலி செய்துவிட்டீர்கள்.

சுருக்கமாக: பேஸின் கனம் அடியில் இருக்கிறது, பேஸின் பேச்சு நடுவில் இருக்கிறது. கேட்கவில்லை என்றால் முதலில் மிட்டை ஏற்றிப் பாருங்கள்.

தாழ்ந்த நிலைவாசல்: கெயினும் மாஸ்டரும்

பழைய வீடுகளில் நிலைவாசல் தாழ்வாக இருக்கும். உயரமானவர் நிமிர்ந்தபடி நுழைந்தால் நெற்றியில் இடிக்கும். ஆம்புக்கும் ஒரு நிலைவாசல் உண்டு, அது தரக்கூடிய அதிகபட்ச வோல்டேஜ். அதற்கு மேல் உயர்ந்த அலையின் தலை தட்டையாக வெட்டப்படும். இதற்கு கிளிப்பிங் என்று பெயர். கொரகொரவென்று கேட்பது அந்த வெட்டுதான்.

கெயின் நாப், சிக்னல் பிரீஆம்புக்குள் எவ்வளவு உயரமாக நுழைய வேண்டும் என்பதைத் தீர்மானிக்கிறது. மாஸ்டர் வால்யூம், அங்கிருந்து பவர் ஆம்புக்கு எவ்வளவு விட வேண்டும் என்பதை. மைக்கில் பேசுவதை வைத்துச் சொன்னால், கெயின் என்பது வாயை மைக்குக்கு எவ்வளவு கிட்டே கொண்டுபோகிறீர்கள் என்பது, மாஸ்டர் என்பது வெளியே கட்டியிருக்கிற ஹாரனின் வால்யூம். வாயை மைக்கில் ஒட்டிக்கொண்டு கத்தினால் ஹாரனைக் குறைத்தாலும் பேச்சு கிழிசலாகத்தான் வரும்.

வைக்கிற முறை எளிது. மாஸ்டரைக் கீழே வைத்துவிட்டு, நீங்கள் மேடையில் எவ்வளவு பலமாக அடிப்பீர்களோ அவ்வளவு பலமாக அடித்துக்கொண்டே கெயினை ஏற்றுங்கள். கிளிப் விளக்கு எப்போதாவது மினுக்கும் இடம் வந்ததும் கொஞ்சம் இறக்கி, அப்படியே விட்டுவிட்டு, சத்தத்துக்கு மாஸ்டரை மட்டும் தொடுங்கள். விளக்கு இல்லாத பெட்டி என்றால் காதுதான் விளக்கு. வீட்டில் மெதுவாகத் தடவி செட் செய்துவிட்டு மேடையில் ஆவேசமாக அடிக்கிறவர்கள் எப்போதும் கொரகொரப்பில் மாட்டுவார்கள்.

அந்தப் பேஸ் நாபுக்கும் இதற்கும் சம்பந்தம் இருக்கிறது. பல ஆம்புகளில் நாபைக் கடைசிவரை திருப்பினால் 15 டெசிபல் ஏறும். மேலே சொன்ன கணக்கைப் போட்டுப் பாருங்கள்: 3 டெசிபலுக்கு இரண்டு மடங்கு, 15-க்கு முப்பது மடங்குக்கும் மேல் வாட்ஸ். என் 30 வாட்ஸ் பெட்டியிடம் அன்றைக்கு நான் அடி சுரங்களுக்கு மட்டும் கேட்டது கிட்டத்தட்ட ஆயிரம் வாட்ஸ். அது கொடுக்கவில்லை, பாவம், தலைதட்டித் தலைதட்டி உள்ளே இருந்ததையெல்லாம் ஸ்பீக்கரில் கொட்டியது.

வீட்டில் வைத்த செட்டிங் மேடையில் ஏன் உதவாது

1933-ல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் ஃப்ளெட்சர், மன்சன் என்ற இருவர் மனிதக் காது எந்தச் சத்தத்தை எவ்வளவு உணர்கிறது என்று அளந்து காட்டினார்கள். சத்தம் குறைவாக இருக்கும்போது நம் காது அடிப்பகுதிக்குச் செவிடாகிவிடுகிறது. சத்தம் ஏற ஏற அடி திரும்பக் கேட்க ஆரம்பிக்கிறது. அதனால் ராத்திரி மெதுவாக வாசிக்கும்போது பேஸ் போதவில்லை என்று ஏற்றுவோம், அந்த நேரத்துக்கு அது சரி. மறுநாள் அதே நாப் நிலையில் மேடையில் மாஸ்டரை ஏற்றினால் அடி மூன்று பங்கு ஊதிப்போய் மண்டபம் முழுக்க கும்மென்று இருக்கும், பாட்டு எங்கே போகிறது என்றே புரியாது. ஒவ்வொரு இடத்திலும் எல்லா நாபையும் நடுவில் வைத்து, அங்கிருந்து தொடங்குங்கள்.

நாப்களைப் பற்றி எனக்குத் தெரிந்த அளவில்: சேறு மாதிரிக் குழம்பினால் 250 ஹெர்ட்ஸ் பக்கம், அதாவது லோ மிட், கொஞ்சம் குறைக்கலாம். சுரம் தெளியவில்லை என்றால் 500-லிருந்து 800 பக்கம் ஏற்றலாம். விரல் ஸ்ட்ரிங்கைத் தொடும் 'டக்' வேண்டுமென்றால் 2000 பக்கம். அதற்கும் மேலே டிரெபிள், பேஸில் பெரும்பாலும் ஸ்ட்ரிங் ஃப்ரெட்டில், அதாவது கழுத்தில் இருக்கிற உலோகக் கட்டைகளில், அடிக்கும் சலசலப்பும் இரைச்சலும்தான் இருக்கும், கட்டைவிரலால் அடித்து ஸ்லாப் வாசிக்கிறவர்கள் என்னை மன்னிக்கட்டும். எதையாவது ஏற்றத் தோன்றினால், அதற்கு முன் வேறு எதையாவது குறைத்துப் பாருங்கள், குறைப்பதற்கு வாட்ஸ் செலவில்லை.

பத்துக்குப் பத்து ரூம்

நம் வீடுகளில் படுக்கையறை பத்துக்குப் பத்து அடி, கூரையும் பல வீடுகளில் பத்தடி. பேஸுக்கு இதைவிட மோசமான அறையை வேண்டுமென்றே கட்ட முடியாது.

சத்தம் ஒரு நொடிக்குச் சுமார் 345 மீட்டர் ஓடுகிறது. 41 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் 8 மீட்டருக்கும் மேல், அறையைவிட நீளம். எதிரெதிர்ச் சுவர்களுக்கு இடையே ஓர் அலை போய்த் திரும்பும் தூரம் அதன் நீளத்துக்குச் சரியாகப் பொருந்தினால், போகிற அலையும் வருகிற அலையும் சேர்ந்து அந்தச் சுரம் மட்டும் பூதாகரமாக உறுமும். ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளினால் ஏறிக்கொண்டே போவதுபோல. பத்தடி என்பது ஏறக்குறைய 3 மீட்டர், அதற்குப் பொருந்துவது 57 ஹெர்ட்ஸ் பக்கம், விரல் வைக்காத உங்கள் 'ஏ' ஸ்ட்ரிங் 55. நீளம், அகலம், உயரம் மூன்றும் பத்தடி என்றால் மூன்றும் சேர்ந்து அதே சுரத்தை ஊஞ்சலாட்டும். "ஏ வாசிச்சா மட்டும் ஜன்னல் அதிருது, ஆம்ப்ல கோளாறு" என்று சர்வீஸுக்குத் தூக்கிப்போனவர்களை எனக்குத் தெரியும். ஆம்ப் பாவம் ஒன்றும் செய்யவில்லை.

செலவில்லாத மருந்து, பெட்டியை நகர்த்துவது. மூலையில் வைத்தால் இரண்டு சுவரும் தரையும் சேர்ந்து அடியைப் பெருக்கும். சின்னப் பெட்டிக்கு மேடையில் அது இலவச உதவி, சின்ன அறையில் அதுவே தொல்லை. வீட்டில் சுவரிலிருந்து தள்ளி, முடிந்தால் ஸ்டூலின்மேல் வையுங்கள். கல்யாணப் பந்தலில் பலகை மேடை என்றால் அந்த மேடையே ஒரு தவில் மாதிரி அதிரும், அங்கேயும் தூக்கி வைப்பது நல்லது.

தூக்கி வைப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. மிட்டும் டிரெபிளும் டார்ச் வெளிச்சம் மாதிரி நேராகப் போகிறவை, அடி மட்டும்தான் நாலாபக்கமும் பரவும். தரையில் வைத்த காம்போவின் தெளிவையெல்லாம் கேட்டு ரசிப்பது உங்கள் கெண்டைக்கால். உங்களுக்கு மேலே வருவது குழைவான அடி மட்டும், அதனால் தெளிவில்லை என்று டிரெபிளை ஏற்றுவீர்கள், முதல் வரிசையில் உட்கார்ந்திருப்பவருக்குக் காது கூசும். முன்பக்கம் ஒரு செங்கல்லைக் கொடுத்து அண்ணாந்து பார்க்க வைத்தாலே பாதிப் பிரச்சினை தீரும்.

எல்லாச் சுமையையும் காம்போ சுமக்க வேண்டாம்

பின்னால் 'டிஐ அவுட்' என்று மூன்று பின் கொண்ட ஒரு சாக்கெட் இருந்தால், உங்கள் சிக்னலை நேராக சவுண்டுக்காரரின் மிக்ஸருக்கு அனுப்பலாம். மண்டபத்துக்குக் கேட்க வைப்பது அங்கிருக்கும் பெரிய ஸ்பீக்கர்களின் வேலை, காம்போ உங்களுக்கும் டிரம்மருக்கும் கேட்டால் போதும். 40 வாட்ஸ் பெட்டி திடீரென்று தாராளமாகிவிடும். பக்கத்தில் 'பிரீ / போஸ்ட்' என்று சுவிட்ச் இருந்தால் 'பிரீ'யில் வையுங்கள், அப்போது நீங்கள் மேடையில் நாபைத் திருகுவது மண்டபத்துக்குப் போகாது, சவுண்டுக்காரரோடு சண்டையும் வராது. 'ஸ்பீக்கர் அவுட்' என்று இருப்பதை மட்டும் மறந்தும் மிக்ஸரில் சொருகாதீர்கள், அதில் வருவது சிக்னல் அல்ல, பவர்.

சரி, எதை வாங்குவது

தனியாக வீட்டில் பழக 8 இன்ச், 15-லிருந்து 30 வாட்ஸ் போதும். ஹெட்போன் சாக்கெட்டும், போனிலிருந்து பாட்டுப் போட்டுக் கூட வாசிக்க ஆக்ஸ் சாக்கெட்டும் இருக்கிறதா என்று பாருங்கள், வாட்ஸைவிட அவை இரண்டும்தான் அதிகம் பயன்படும். டிரம்மரோடு வாசிப்பதென்றால் என் கணக்கில் 12 இன்ச், 100 வாட்ஸ் தொடக்கம், பலமாக அடிக்கிற டிரம்மர் என்றால் அதுவும் மூச்சு வாங்கும். ஒரே வரிசைப் பெட்டிகளைப் பார்த்தால் படி புரியும்: ஃபெண்டர் ரம்பிளில் 25 வாட்ஸுக்கு 8 இன்ச், 40-க்கு 10, 100-க்கு 12. எட்டிலிருந்து நேராகப் பன்னிரண்டுக்குத் தாவுங்கள் என்பது என் அபிப்பிராயம். நடுவில் பத்து வாங்கினவர் பலர் அடுத்த வருடமே விற்கிறார்கள், வீட்டுக்கு அது அதிகம், மேடைக்கு அது பத்தாது.

அந்த 100 வாட்ஸ் ரம்பிள் சுமார் 10 கிலோதான். பழைய ஆட்கள் இதை நம்பமாட்டார்கள், அவர்கள் காலத்தில் காம்போ தூக்க இரண்டு பேர் வேண்டும். இப்போது வருபவை 'கிளாஸ் டி' வகை: பவர் ஆம்ப் நொடிக்கு லட்சக்கணக்கான முறை முழுசாகத் திறந்து மூடுகிற சுவிட்ச் மாதிரி வேலை செய்வதால் மின்சாரம் சூடாக வீணாவது குறைவு, சூட்டை வெளியேற்றும் பெரிய அலுமினியத் தகடுகள் தேவையில்லை. 'டி' என்றால் டிஜிட்டல் என்று கடையில் சொல்வார்கள், இல்லை, ஏ, பி, சி-க்கு அடுத்த எழுத்து, அவ்வளவுதான்.

பின்னாளில் ஒரு ஸ்பீக்கர் பெட்டி சேர்க்கும் வசதி இருந்தால் காசுக்கு நல்ல மதிப்பு. ஸ்பீக்கர் மின்சாரத்துக்குக் கொடுக்கும் தடையை ஓம் என்று அளக்கிறார்கள். 8 ஓம் ஸ்பீக்கரோடு இன்னொரு 8 ஓம் சேர்த்தால் தடை 4 ஆகக் குறையும், டிக்கெட் எடுக்க இரண்டாவது கவுன்டர் திறந்த மாதிரி, ஆம்பிலிருந்து அதிக பவர் பாயும், கூடவே விசிறியும் இரட்டிப்பாகும். ஆம்பில் எழுதியிருக்கும் குறைந்தபட்ச ஓமுக்குக் கீழே மட்டும் போகக்கூடாது.

வெளிநாட்டிலிருந்து சொந்தக்காரர் வாங்கி வருகிறார் என்றால் பின்பக்கம் என்ன எழுதியிருக்கிறது என்று போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். '100-240' என்றால் கவலையில்லை. '120' என்று மட்டும் இருந்தால் அது அமெரிக்காவுக்கானது, நம் 230 வோல்ட்டில் நேராக மாட்டக்கூடாது. என் பெரியப்பா மகன் ஆசையாகக் கொண்டுவந்த ஒரு பெட்டியை நான் பிளக் மட்டும் மாற்றி மாட்டினேன், இரண்டு நொடி விளக்கு பிரகாசமாக எரிந்தது, அப்புறம் வாசனை வந்தது. அவனிடம் இன்றுவரை அது நன்றாக ஓடுவதாகத்தான் சொல்லிவைத்திருக்கிறேன்.

செகண்ட் ஹேண்ட் என்றால் உங்கள் சொந்த பேஸை எடுத்துக்கொண்டு போங்கள். பேஸில் இருக்கிற நாபெல்லாம் முழுசாகத் திறந்து, ஆம்பில் எல்லாம் நடுவில் வைத்து, அடி 'ஈ'-யிலிருந்து ஒவ்வொரு ஃப்ரெட்டாக மேலே வாருங்கள், சத்தம் பாதிக்கு மேல் இருக்கட்டும். ஏதாவது ஒரு சுரத்தில் மட்டும் சிலீரென்று இரைந்தால் முதலில் பெட்டியின் ஸ்க்ரூக்களையும் முன்வலையையும் கையால் அழுத்திப் பாருங்கள், நின்றுவிட்டால் அது வெறும் தளர்ச்சி. நிற்காவிட்டால் ஆம்பை அணைத்துவிட்டு, வலையைக் கழற்ற முடிந்தால் கோனின் இரண்டு பக்கமும் விரல் வைத்து மெதுவாக, சமமாக உள்ளே தள்ளுங்கள். சத்தமில்லாமல் போய்வந்தால் நல்லது. மணல் உரசுகிற மாதிரி கேட்டால் காயில் போயிருக்கிறது, புதுக் கோன் போடும் செலவைக் கழித்துக்கொண்டு பேசுங்கள். நாபைத் திருகும்போது மட்டும் கரகரவென்றால் உள்ளே தூசி, கான்டாக்ட் கிளீனர் அடித்தால் போய்விடும், ஆனால் அதை விற்பவரிடம் சொல்ல வேண்டிய அவசியமில்லை, முகத்தைக் கொஞ்சம் சுளித்தால் விலை தானாக இறங்கும்.